பேர்கனில் ஓர் அறை

மற்றவர்களுக்கு வாயாக இருப்பதுதான் என் தொழில். ஒஸ்லோவில் எங்கட ஆக்கள் இதைத் ‘தொல்க்’ வேலை என்பார்கள். வைத்தியரிடம் நெஞ்செரிவை விளக்கத் தெரியாதவருக்கும், மகனின் ஆசிரியையிடம் நோர்வேஜிய மொழியில் கோபப்படத் தெரியாத தாய்க்கும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அங்கேயும் அங்கே சொல்வதை இங்கேயும் கொண்டுவந்து கொடுப்பேன். பேசுபவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. அதனால் பல தடவை கர்ப்பமாகியிருக்கிறேன், மூலநோயில் அவதிப்பட்டிருக்கிறேன், வேலையை இழந்து அழுதிருக்கிறேன். ஒரு நாட்டின் அரசியல் நெருக்கடியைத் தீர்க்கப் போனது ஒரு தடவைதான்.

ஊரில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடி, பெற்றோல் வரிசைகள் ஒருமாதிரிக் கலைந்து, அடுத்த தேர்தல் வருமா வராதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படியான காலங்களில் ஒஸ்லோவில் சிலருக்கு நித்திரை வராது. இந்த நாடு எண்ணெய்க்கும் மீனுக்கும் அடுத்தபடியாக ஏற்றுமதி செய்யும் பொருள் சமாதானம். எங்கள் தீவுக்கும் முன்பு ஒருமுறை அனுப்பிவைத்தார்கள். அது என்ன கதியானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமாதானக்காரர்கள் இலேசில் மனந்தளர மாட்டார்கள். இந்த முறை, பெயர் சொல்லமுடியாத ஓர் அறக்கட்டளை, தமிழ்த் தரப்பு பல குரல்களில் பேசுவதால்தான் ஜனநாயகம் பலமிழந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்தது. குரல்களை ஒன்றாக்கி, ஒரு கூட்டறிக்கை எழுதுவித்து, ஊருக்கு அனுப்பிவைத்தால் ஜனநாயகம் பலப்பட்டுவிடும். பல குரல் இருந்தால்தான் அது ஜனநாயகம் என்று, ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ட்வெய்ட்டாவில் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததும் இதே நாடுதான்.

ஒன்றாக்க வேண்டிய குரல்கள் இரண்டு. ஒருவரை மூத்தவர் என்று சொல்லுகிறேன். எழுபதைத் தாண்டிய சட்டத்தரணி, காதில் கேட்கும் கருவி, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. மற்றவர் இளையவர். அவருக்கு அறுபது நெருங்குகிறது, ஆனால் எங்கள் அரசியலில் அது இளைஞர் அணி. இருவரும் ஒரு காலத்தில் ஒரே கட்சி. இளையவரின் கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவரே மூத்தவர்தான். பிறகு ஒரு தேர்தலில் யாருடைய பெயர் மேலே, யாருடைய பெயர் கீழே என்பதில் கொள்கை வேறுபாடு வந்து பிரிந்தார்கள். அடையாளங்களை நான் மாற்றியிருக்கிறேன். இதைப் படிக்கிற யாராவது ‘இது நான்தான்’ என்று நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அப்படி நினைக்கக்கூடியவர்கள் ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள்.

இருவருக்கும் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. மூத்தவரின் ஆங்கிலத்தைக் கேட்டால் இங்கிலாந்தில் பிறந்தவர்களே கொஞ்சம் வெட்கப்படுவார்கள். அப்படியிருக்க நான் எதற்கு? இளையவர் அழைப்பை ஏற்றபோதே, ‘தமிழரின் பிரச்சினையைத் தமிழில்தான் கதைப்பன்’ என்று நிபந்தனை போட்டுவிட்டார். அவர் தமிழில் பேசும்போது மூத்தவர் ஆங்கிலத்தில் பேசினால் அது ஊர்ச் செய்தியில் எப்படி வரும் என்று மூத்தவருக்குத் தெரியும். ஆகவே அவரும் தமிழ். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும். விளங்காத நோர்வேஜியர்களுக்காக என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. என் கணவர் இளையவரின் தீவிர ஆதரவாளர். வேலை முடிந்து வந்தால் சோபாவில் சாய்ந்து யூடியூப்பில் ஊர் அரசியல் பார்ப்பதுதான் அவருக்கு ஓய்வு.

“மூண்டு நாளும் எங்கை வேலை?” என்று கேட்டார்.

“ஒரு கூட்டம்.”

“என்ன கூட்டம்?”

“சும்மா, ரெண்டு பேருக்கிடையிலை ஒரு பிரச்சினை.”

“குடும்பக் கேஸோ?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம் என்றேன்.

ஒஸ்லோவுக்கு மேலே காட்டோரம், மலையில் மரத்தால் கட்டிய விடுதி. யன்னலுக்கு வெளியே பனி, உள்ளே நெருப்பு, மேசையில் மெழுகுதிரி. இவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்தால் எந்த நாட்டுப் பிரச்சினையும் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும். எங்களை வரவேற்ற ஒருங்கிணைப்பாளர் உயரமான நோர்வேஜியர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பளிக் காலுறையோடு நடமாடினார். மூன்று கண்டங்களில் சமாதானம் செய்த அனுபவம் உள்ளவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அந்த நாடுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியாதைக் குறைவாக இருந்திருக்கும்.

முதலில் எல்லோரும் தங்களைப் பற்றி ஒரு சொந்த விடயம் சொல்லவேண்டும் என்றார். மூத்தவர், தான் பொது வாழ்க்கைக்கு வந்தபின் சொந்த விடயம் ஒன்றும் இல்லை என்றார். இளையவர், தன் சொந்த விடயம் தமிழ் மக்களின் விடுதலைதான் என்றார். ஒருங்கிணைப்பாளர் வாடிப்போய் என்னைப் பார்த்தார். நானும் சொல்லவேண்டுமாம். மன்னாரில் பிறந்தேன், ஒஸ்லோவுக்கு வரமுன் பல வருடம் பேர்கனில் இருந்தேன், அங்கே மழை அதிகம் என்றேன். அந்த இரண்டு தலைவர்களும் அன்று காலை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மஞ்சள் ஒட்டுத்தாள்கள் வந்தன. அவரவர் பயத்தை எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். மூத்தவர் ‘எனக்கு ஒருவரிலும் பயமில்லை’ என்று எழுதினார். இளையவர் நெடுநேரம் யோசித்து ‘துரோகம்’ என்று எழுதி, அதை மூத்தவரின் தலைக்கு நேர் மேலே கொண்டுபோய் ஒட்டினார். நல்ல தொடக்கம் என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அன்றைய பேச்சு சூடேற அதிக நேரம் பிடிக்கவில்லை. அரசியலமைப்பு, அதிகாரப் பகிர்வு என்று தொடங்கிய இளையவர் திடீரென்று விரலை நீட்டினார்.

“கொழும்பிலை ஆர் ஆட்சிக்கு வந்தாலும் உவர் செம்பு தூக்கிக்கொண்டு பின்னாலை போவார். உவரோடை சேர்ந்து நான் என்னத்தைக் கையெழுத்துப் போடுறது?”

என் வேலை சொன்னதைச் சொல்வது. சொன்னேன். யார் ஆட்சிக்கு வந்தாலும் இவர் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். மூத்தவர் கண்ணாடியைத் துடைத்தபடி அமைதியாகப் பதில் சொன்னார்.

“நான் தூக்கினன் எண்டே வையுங்கோ. அந்தச் செம்பிலை தண்ணி குடிச்சு வளந்தவர் உவர்.”

அதையும் சொன்னேன். ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. எழுந்துபோய் ஒரு நீல ஒட்டுத்தாளில் ‘தண்ணீர்’ என்று எழுதி ஒட்டினார். இரண்டு தரப்பும் தாங்களாகவே தொட்ட முதலாவது பொது விடயம் என்றார். அது ஒரு வசை, அவர்கள் உண்மையில் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை என்று நான் விளக்கினேன். “ஆம், உணர்ச்சிபூர்வமான விடயம் என்று பார்க்கவே தெரிகிறது” என்று தலையாட்டினார். விவசாய நாடுகளில் இப்படித்தானாம். இன்னொரு கண்டத்திலும் பார்த்திருக்கிறாராம்.

கோப்பி இடைவேளையில் மூத்தவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். மண்ணிறச் சீஸைத் தொதல் இனிப்பு என்று நினைத்து ஒரு பெரிய துண்டு எடுத்திருந்தார். கடித்துப் பார்த்துவிட்டு, தலைவர்களுக்கே உரிய பொறுமையோடு விழுங்கினார்.

“பிள்ளை, நீர் பேர்கனிலை இருந்தனீர் எண்டு சொன்னனீர் என்ன?”

“ஓம் ஐயா.”

“என்ரை பேரன், மகளின்ரை பெடியன், அங்கை படிக்க எழுதிப்போட்டிருக்கிறான். படிச்சு முடியத் திரும்பி வரத்தான் வேணுமோ, அல்லது…”

“ஐயா, நான் இஞ்சை உரைபெயர்ப்பாளராத்தான் வந்தனான். உதுகளிலை ஆலோசனை சொல்லக்கூடாது.”

“விளங்குது, விளங்குது. ஊரிலை பிள்ளையளுக்கு ஒரு எதிர்காலம் இல்லைப் பாரும். அதுதான்.”

அந்த எதிர்காலத்தைப் பற்றித்தான் ஐயா உள்ளே கூட்டம் நடக்கிறது என்று வாய்வரை வந்தது. வாயை வாடகைக்கு விட்டிருந்தபடியால் அதைக் கோப்பியோடு விழுங்கினேன்.

அடுத்தநாள் காலை, சப்பாத்து அடுக்கும் இடத்தில் இளையவர் என்னைப் பிடித்தார். எவரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “தங்கச்சி, பேர்கனிலை அறை எடுக்கிறது சரியான கஷ்டமாமே?” என்றார். மகன் போகிறானாம். நான் அதே பதிலைச் சொன்னேன். அவரும் அதேபோல, விளங்குது விளங்குது என்றார். ‘எங்கள் இளைஞர்கள் மண்ணை விட்டுப் போவதே இனத்துக்குச் செய்யும் அநியாயம்’ என்று அவர் மேடையில் முழங்குகிற காணொளியை என் கணவர் எங்கள் வரவேற்பறையில் எத்தனை தடவை போட்டிருக்கிறார். பின்னணி இசையோடு எனக்கு அது மனப்பாடம்.

அன்று பின்னேரத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ‘நம்பிக்கை நடை’ ஒன்றை ஒழுங்கு செய்திருந்தார். ஒருவருடைய கண்ணைக் கட்டிவிடுவது, மற்றவர் கையைப் பிடித்துப் பனிக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவது. நான் இதை மொழிபெயர்த்து முடித்ததும் இருவரும் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்கள்.

“எனக்குச் சோறு வேணும்,” என்றார் மூத்தவர்.

“எனக்கும் இந்த உருளைக்கிழங்கு ஒத்துவரேல்லை,” என்றார் இளையவர்.

இரண்டு நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விடயம் அது. ஒருங்கிணைப்பாளர் பெருந்தன்மையோடு நடையைக் கைவிட்டு, என்னையும் அவர்களோடு ரயிலில் கீழே, நகரத்துக்குள் இருக்கும் குறொன்லாண்டுக்கு அனுப்பினார். பெட்டியில் நான் நடுவில், இவர்கள் இருவரும் இரண்டு யன்னல்களைப் பார்த்தபடி. பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறிய ஒரு குடும்பம் எங்களை இரக்கத்தோடு பார்த்தது. விவாகரத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கலாம்.

நான் கூட்டிக்கொண்டு போன சாப்பாட்டுக்கடை ஒரு கோயம்புத்தூர்க்காரருடையது. அவருக்கு எங்கள் அரசியலும் தெரியாது, தலைவர்களையும் தெரியாது. அந்த நகரத்தில் அப்படி ஒரு தமிழரைக் கண்டுபிடிப்பது இலேசில்லை. சோறும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சார், நீங்க ரெண்டு பேரும் பிரதர்ஸா?”

“இல்லை,” என்றார்கள் இருவரும்.

“ஒருத்தருக்கொருத்தர் பேசாம உக்காந்திருக்கீங்களே, அதான் கேட்டேன்.”

அவர் போனபின் இளையவரின் தொலைபேசி அடித்தது. கையெல்லாம் கறி. இடது கையால் தட்டி, மேசையில் வைத்தபடியே பேசினார். தட்டிய வேகத்தில் ஒலிபெருக்கி வேலை செய்தது.

“அப்பா, பேர்கனிலை விடுதி கிடைக்காதாம். ஆரும் ஒராளோடை சேர்ந்து வீடு எடுத்தால்தானாம் சரிவரும். அந்த தொல்க் அன்ரியைக் கேட்டனீங்களோ?”

இளையவர் அவசரமாக அதை அணைத்தார். ஆனால் மூத்தவரின் காதுக்கருவி நல்ல தரமானது. அவருடைய கை கறிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பிறகு, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

“பிள்ளை, மகன் என்ன பாடம் படிக்கப்போறார் எண்டு கேளும்.”

பழக்கதோஷம். நான் அந்தப் பக்கம் திரும்பி, “மகன் என்ன பாடம் எண்டு ஐயா கேக்கிறார்” என்றேன்.

“கடல்சார் பொறியியல் எண்டு சொல்லுங்கோ.”

“கடல்சார் பொறியியலாம்.”

“எங்கட பேரனும் அதுதான். எப்ப தொடங்குதாம்?”

தமிழிலிருந்து தமிழுக்கு இப்படி இன்னும் இரண்டு கேள்விகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில், “ஐயாமார், எனக்கு இது சாப்பாட்டு இடைவேளை” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பிறகு மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

“பெடியன் சமைப்பானோ?”

“முட்டை பொரிப்பான். உங்கடையவர்?”

“சோறு போடுவான். மற்றது ஒண்டும் தெரியாது. மச்சமாமிசம் சாப்பிடுவானோ?”

“வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை.”

“எங்கடையனும் அப்பிடித்தான்.”

அதற்குப் பிறகு நிறுத்தமுடியவில்லை. ஓர் அறையா, இரண்டு அறையா. குளியலறையைப் பங்கிட்டால் சண்டை வராதா. மழைக்கோட்டு இங்கேயே வாங்கிக்கொண்டு போவதா. ஒருவன் கூட்ட, மற்றவன் கழுவ, கிழமைக்குக் கிழமை மாறினால் நியாயம் என்றார் மூத்தவர். அப்படியென்றால் யார் முதல் கிழமை என்பதை இப்போதே பேசிவிடவேண்டும் என்றார் இளையவர். ஒற்றையாட்சியா கூட்டாட்சியா என்று மலையில் கிடந்து இழுபட்ட மனிதர்கள், ஆட்டுக்கறி முடிவதற்குள் அதிகாரப் பகிர்வை முறையாகச் செய்து முடித்தார்கள். இளையவர் மறுபடியும் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குக் கீழே வேறொன்றும் எரிந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது யாரும் எனக்கு அறை பார்த்து வைக்கவில்லை. என்னோடு வந்தவர்களுக்கும் இல்லை. வராமல் அங்கேயே நின்றவர்களுக்கு இவர்கள் சொல்லிக்கொடுத்தது, நில்லுங்கள், பொறுங்கள், விடிவு வரும் என்பதுதான். ஆனாலும் இரண்டு கிழவர்கள் ஈரக்குளிரில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்குமே என்று கவலைப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தகப்பனாக, தாத்தாவாக அவர்களை என்னால் வெறுக்க முடியவில்லை. தலைவர்களாக அவர்களை விரும்பவும் முடியவில்லை. பேர்கனில் எந்தப் பகுதி பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட என்று கேட்டார்கள். இடைவேளையில் இருந்தபடியால் சொன்னேன்.

நாங்கள் திரும்பியபோது இருவரும் ஒரே குடைக்குள் வந்தார்கள். யன்னலால் பார்த்த ஒருங்கிணைப்பாளர் கதவுக்கே ஓடிவந்தார். தன் சகாக்களைப் பார்த்து, ஒட்டுத்தாள் முறை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் நிச்சயமாக வேலை செய்யும் என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

கடைசிநாள் கூட்டறிக்கை வழுக்கிக்கொண்டு வந்தது. ஜனநாயக விழுமியங்களை இருதரப்பும் மதிக்கின்றன. நெருக்கடிக்கு அமைதியான தீர்வு அவசியம். இளைஞர்களின் எதிர்காலமே முதன்மையானது. இந்த வரியை இருவரும் ஒரே குரலில் வற்புறுத்தினார்கள். நடுவில், யாரும் கேட்காமலே, நீர்வளங்களை நியாயமாகப் பங்கிடுவது பற்றி ஒரு நீண்ட பந்தி இருந்தது. மூத்தவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கெடுதல் இல்லாத பந்திதானே என்று விட்டுவிட்டார்.

அடுத்த சுற்றுப் பேச்சு எங்கே என்ற கேள்வி வந்தது.

“பேர்கன்,” என்றார் இளையவர்.

“பேர்கன் பொருத்தமாயிருக்கும்,” என்றார் மூத்தவர். “மையத்திலிருந்து தள்ளி இருக்கிற ஒரு நகரம் தன்னைத் தானே எப்பிடி நிர்வகிக்குது எண்டு நாங்கள் நேரிலை பார்க்கவேணும்.”

இதை முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் மொழிபெயர்த்ததுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே நான் செய்த கடினமான வேலை. ஒருங்கிணைப்பாளர் நெஞ்சில் கைவைத்தார். இவ்வளவு ஆழமான அக்கறையைத் தான் எந்தக் கண்டத்திலும் கண்டதில்லை என்றார்.

அவர்கள் ஊருக்குப் போய் இறங்கிய கையோடு என் கணவரின் யூடியூப் எரியத் தொடங்கியது. தான் ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்கவில்லை என்று இளையவர் ஓர் அலைவரிசையில் சொன்னார். மற்றவருடன் தான் ஒரே மேசையில் சாப்பிடக்கூட இல்லை என்று மூத்தவர் இன்னொன்றில் சொன்னார்.

“இஞ்சரும், பார்த்தனீரோ?” என்று கணவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “உந்த மலையிலை, எங்கட ஒஸ்லோவிலைதான் நடந்திருக்கு. எங்கட ஆள் வளைஞ்சு குடுக்கேல்லை.”

“அப்பிடியோ,” என்றேன்.

“அந்தக் கிழவன்ரை முகத்தையே பார்க்கேல்லையாம். ஒரு தண்ணி கூடக் குடிக்கேல்லையாம் சேர்ந்து.”

“சோறு போடட்டோ?” என்று கேட்டேன்.

இரண்டாம் சுற்றுக்கு அறக்கட்டளையிடம் நிதி இல்லாமல் போனது. அந்த வருடம் உலகத்தில் வேறு இடங்களில் இன்னும் பெரிய நெருக்கடிகள் வந்து வரிசையில் முன்னுக்கு நின்றுவிட்டன. பெடியன்கள் இருவரும் எந்தச் சுற்றுக்கும் காத்திராமல் வந்து சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் முதல் கிழமை கூட்டினார்கள் என்று தெரியாது.

கடைசியில் ஊரில் தேர்தலும் வந்தது. மூத்தவர் தோற்றார். இளையவரும் தோற்றார். வடக்கே யாரும் எதிர்பார்க்காத ஆட்களுக்குச் சனம் வாக்குப் போட்டிருந்தது. அன்று கணவர் யூடியூப்பை மூடிவைத்துவிட்டு, கேட்காமலே வாசலில் பனி தள்ளப் போனார். சில நாளில் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மக்கள் துணிந்து மாற்றத்தைத் தெரிவுசெய்ததில் எங்கள் பேச்சுவார்த்தைக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று அறக்கட்டளை கருதுகிறதாம். என் பங்குக்கும் நன்றி சொன்னார். நல்ல மனிதர். வாழ்த்துச் சொல்லி வைத்தேன்.

மன்னாரில் இருக்கும் தங்கச்சிக்கு அந்த ஞாயிறு போன் எடுத்தேன். அவள் விடிய வெள்ளனவே போய் வரிசையில் நின்றாளாம். நல்ல மழையாம். பள்ளிக்கூட மண்டபம் ஒழுகி, வாக்குப்பெட்டியை இடம் மாற்றி மாற்றி வைத்தார்களாம். வரிசையில் நின்ற ஒருத்தி சுடுதண்ணிப் போத்தலில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து எல்லோருக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தாளாம். வாக்குப் போட்டுவிட்டு வந்து நண்டு வாங்கிச் சமைத்தாளாம்.

“ஆருக்குப் போட்டனீ?” என்று கேட்டேன்.

“ஏன் அக்கா,” என்றாள். “அறிக்கை விடப்போறியளோ?”

பிறகு, நண்டுக்கு முருங்கையிலை போட்டாளா இல்லையா என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.